விற்ற பங்கு

"நான் போட்ட கணக்கு தப்பவே இல்லம்மா. சொன்னது சொன்னபடி நடந்தது. எனக்குத்தான் நடக்கலை."

ஆவுடையப்பன் இதைச் சொன்னபோது மண்டபத்தம்மா விளக்குத்திரி திரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. உட்காருங்கள் என்று கையால் காட்டினார்.

அவர் உட்கார்ந்தார்.

பாபநாசத்துக்கு மேலே, பாறைகளுக்குள் நுழைந்து ஆறு வெளியே வருகிற இடத்தில், கூரை பாதி போன ஒரு கல்மண்டபம் இருந்தது. அதில்தான் அந்த அம்மா இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். எங்கிருந்து வந்தார் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. தேடி வருகிறவர்கள் ஏதாவது கேட்பார்கள். சிலருக்குப் பதில் கிடைக்கும். சிலருக்குக் கஞ்சி கிடைக்கும்.

ஆவுடையப்பன் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். பாளையங்கோட்டைக்காரர். வங்கியில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர்.

அவர் தன் கதையைச் சொன்னார்.

சாத்தூர்ப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனி. தண்ணீர்க் குழாய்களுக்கு வால்வு செய்கிறவர்கள். அதன் பெயர் தெரிந்தவர்கள் அப்போது யாருமில்லை. இவர் அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கைகளை வரவழைத்து வரி வரியாகப் படித்தார். பெரிய கம்பெனியாக வரும் என்று தெரிந்தது. கையில் இருந்ததை எல்லாம் போட்டுப் பங்கு வாங்கினார். பக்கத்து மேசையில் வேலை பார்த்த ஞானதுரையிடம் சொன்னார். அவரும் அதே வாரத்தில் வாங்கினார்.

நாலு வருஷம் விலை அசையவில்லை. இவரும் அசையவில்லை.

அப்போதுதான் தம்பி நாயகத்துக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போனது தெரிந்தது. தம்பி மனைவி தன்னுடையதில் ஒன்றைத் தருவதாகச் சொன்னாள். ஆப்பரேஷனுக்குப் பணம் வேண்டும். நகைகள் எல்லாம் அதற்கு முன்பே டயாலிசிஸுக்குப் போயிருந்தன. ஆவுடையப்பன் பங்குகளை விற்றார். ஒன்று பாக்கியில்லாமல் விற்றார்.

ஆப்பரேஷன் நடந்தது. ஒரு வருஷம் ஆவதற்குள் நாயகம் இறந்துபோனார்.

அந்தக் காரியங்கள் முடிந்த மாதத்தில் வால்வுக் கம்பெனியின் பங்கு ஏறத் தொடங்கியது. அதற்குப் பிறகு அது நிற்கவில்லை. ஊரெல்லாம் குழாய் பதித்தார்கள். குழாய்க்கெல்லாம் வால்வு வேண்டியிருந்தது. இவர் எழுதி வைத்திருந்த ஒவ்வொன்றும் அதே வரிசையில் நடந்தது.

"ஞானதுரை?" என்று கேட்டார் அம்மா.

ஞானதுரைக்கு அசாமுக்கு மாற்றலாகிவிட்டது. அங்கே மலைக்கு நடுவில் ஒரு கிளை. போன இடத்தில் பங்கு வாங்கியதையே மறந்துவிட்டார். ஊர் திரும்பி, பழைய பெட்டியை ஒழுங்குபண்ணும்போதுதான் ஞாபகம் வந்திருக்கிறது. இப்போது மகாராஜநகரில் பெரிய வீடு. பங்குச் சந்தை பற்றிப் பேச அவரைக் கல்லூரிகளுக்கு அழைக்கிறார்கள்.

"ராத்திரி பகலாப் படிச்சது நானு. மறந்துபோனது அவரு," என்றார் ஆவுடையப்பன். "இது என்ன நியாயம்? இதைக் கேக்கத்தான் வந்தேன்."

அம்மா ஒரு திரியைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

"இன்னைக்கு என்ன விலை?"

ஆவுடையப்பன் யோசிக்கவே இல்லை. பைசா வரைக்கும் சொன்னார்.

"தினம் பாப்பீங்களோ?"

"பாப்பேன்."

"ஏறியிருந்தா?"

"நெஞ்சுக்குள்ள என்னமோ செய்யும்."

"இறங்கியிருந்தா?"

 பொய் சொல்ல மனம் வரவில்லை.

"அன்னைக்கு நல்லாச் சாப்பிடுவேன்."

அம்மா தலையசைத்தார். அதில் கேலி இல்லை.

"அந்தப் பங்கை வாங்குனவர் யாரு?"

"அது தெரியாதும்மா. எல்லாம் கம்ப்யூட்டர்ல நடக்குறது."

"அவரும் இதுக்குள்ள வித்திருப்பாரு."

"வித்திருப்பான்."

"அவர்கிட்ட வாங்குனவரும்."

"இருக்கும்."

"எல்லாரும் வித்துட்டாங்க அண்ணாச்சி. நீங்க மட்டும்தான் இன்னும் விக்கலை."

 எப்படி விற்பது என்று ஆவுடையப்பன் கேட்டார்.

அம்மா கஞ்சி ஊற்றப் போய்விட்டார்.

அவர் ஊருக்குத் திரும்பவில்லை. திரும்பிப் போனாலும் வீட்டில் யாரும் இல்லை.

அதற்குச் சில நாட்கள் முன்பு, மகள் உமாவுக்கு வளைகாப்பு நடந்த அன்று, வளையல் போடுகிற நேரத்தில் அப்பாவைத் தேடினார்கள். அவர் கொல்லைப்புறத்தில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். கம்பெனி அன்றைக்குத்தான் ஒரு பங்குக்கு ஒரு பங்கு இலவசமாகக் கொடுப்பதாக அறிவித்திருந்தது. உள்ளே வந்தபோது அவர் முகத்தைப் பார்த்து, யாரோ தவறிவிட்டார்கள் என்று சம்பந்தி வீட்டார் நினைத்துவிட்டார்கள்.

மனைவி சிவகாமி சத்தம் போடவில்லை. எல்லோரும் போன பிறகு ஒரு பையில் துணிகளை எடுத்து வைத்தார். பிள்ளை பிறக்கும்வரை மகளுடன் இருக்கப்போவதாகச் சொன்னார். பிறந்த பிறகு என்ன என்று இவர் கேட்டார்.

"அந்தக் கம்பெனியோட குடித்தனம் பண்ணி முடிங்க. பெறகு பாப்போம்," என்றார் சிவகாமி.

அதனால்தான் வந்தார். அதனால்தான் இருந்துகொண்டார்.

மண்டபத்தில் போனுக்குச் சிக்னல் கிடையாது. கொஞ்சம் மேலே ஏறினால் ஒரு யானைப்பாறை. அதன் உச்சியில் கிடைக்கும். ஆவுடையப்பன் காலையில் தண்ணீர் எடுத்து வைப்பார், விறகு உடைப்பார், அரிசி களைவார். சந்தை திறக்கிற நேரத்துக்குப் பாறையில் ஏறிவிடுவார். இறங்கி வரும்போது அன்றைய விலை அவர் நடையிலேயே தெரியும்.



ஒரு நாள் அவர் ஏறும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அம்மாவும் ஏறி வந்துகொண்டிருந்தார். பாறை உச்சியில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஆவுடையப்பனுக்குக் கூச்சமாக இருந்தது. போனை எடுக்கவில்லை.

"பாருங்க. அதுக்குத்தானே வந்தோம்," என்றார் அம்மா.

பார்த்தார். ஏறியிருந்தது.

"விக்காம இருந்திருந்தா இப்ப எப்படி இருந்திருப்பீங்க? சொல்லுங்க, கேக்கேன்."

இதை அவரிடம் யாரும் கேட்டதில்லை. சிவகாமிகூடக் கேட்டதில்லை. கேட்டுவிட்டதால் அவர் சொல்லத் தொடங்கினார். பெருமாள்புரத்தில் ஒரு மனை பார்த்து வைத்திருந்தார். கிழக்குப் பார்த்த மனை. அங்கே வீடு கட்டியிருப்பார். சிவப்புச் சிமெண்டுத் தரை. நடையில் ஒரு மர ஊஞ்சல். சிவகாமி பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துத் தொண்டை கட்டியிருக்க வேண்டாம். உமா டாக்டருக்குப் படித்திருப்பாள். சமையல்கட்டிலிருந்து கிணற்றடிக்குப் போக ஒரு வாசல். மாடியில் செடிகள்.

சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. பல வருஷம் குடியிருந்துவிட்டு வந்தவர்போல அந்த வீட்டைச் சொன்னார். எந்த சன்னலில் எந்த வேளை வெயில் விழும் என்றுகூடச் சொன்னார்.

 வெயில் ஏறிப் பாறை சுடத் தொடங்கியது.

"அந்த வீட்ல நீங்க இப்ப என்ன செய்துட்டு இருக்கீங்க?"

ஆவுடையப்பன் கண்ணை மூடிப் பார்த்தார். ஊஞ்சல் தெரிந்தது. ஊஞ்சலில் தான் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. குனிந்த தலை தெரிந்தது.

அந்த வீட்டிலும் அவர் கையில் போன் இருந்தது. விலை பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணைத் திறந்தார். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா எழுந்து இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

அதன் பிறகு சில நாட்கள் அவர் பாறைக்குப் போகவில்லை. பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்தார். பிறகு ஒரு நாள் போனார். விலை கூடியிருந்தது. போகாமல் இருந்த நாட்களுக்கும் சேர்த்து வலித்தது.

இறங்கி வந்த வேகத்தில் அம்மாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"அதிர்ஷ்டம்னு ஒண்ணு இருக்கா இல்லையா? அதை மட்டும் சொல்லிருங்க. இருக்குன்னா நான் படிச்சதெல்லாம் வீண். இல்லைன்னா ஞானதுரை எப்படி?"

"எனக்குத் தெரியலையே," என்றார் அம்மா.

"தெரியலையா?"

"தெரிஞ்சா ஓட்டைக் கூரைக்குக் கீழ உக்காந்திருப்பேனா அண்ணாச்சி?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. ஏன் என்று தெரியவில்லை. மண்டபத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த நிலையில்தான் அவர் அதைச் சொன்னார். யாரிடமும் சொல்லாதது.

"எப்படியும் போறவன்தானே, அன்னைக்கே போயிருக்கலாமேன்னு சில நாள் தோணுதும்மா. விக்காம இருந்திருக்கலாமேன்னு. என் தம்பியை நெனைச்சா எனக்கு விலைதான் ஞாபகம் வருது. அவன் முகம் வரமாட்டேங்கு."

அம்மா கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தார்.

எழுந்தார். அவரைக் கடந்து போனார். புடவையோடு ஆற்றில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். பொழுது சாயும்வரை அங்கேயே நின்றார்.

அருவருத்துவிட்டார் என்று ஆவுடையப்பன் நினைத்தார். துணிப்பையை எடுத்துக் கட்டி வைத்தார். விடிந்ததும் போய்விடலாம் என்று படுத்தார்.

விடிந்தபோது பையின் பக்கத்தில் கஞ்சிக் கும்பா இருந்தது. அம்மாவும் இருந்தார்.

"ஞானதுரையை வரச் சொல்லுங்க."

முடியாது என்றார் ஆவுடையப்பன். இந்த உலகத்தில் தான் பார்க்க விரும்பாத ஒரே முகம் அது என்றார். அந்த மனிதர் கெட்டவராக இருந்தால்கூடப் பரவாயில்லை. நல்லவர். மூன்று தடவை வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளுங்கள், நீங்கள் சொல்லித்தானே வாங்கினேன் என்று கெஞ்சினார். இவர் கதவைத் திறக்கவில்லை. சன்னல் வழியாகவே பேசி அனுப்பினார்.

அம்மா வற்புறுத்தவில்லை. கும்பாவைக் கழுவ எடுத்துப் போனார்.

ஆவுடையப்பன் பையை அவிழ்க்கவும் இல்லை, எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. இப்படியே ஒரு வாரம் போனது. பிறகு பாறையில் ஏறினார். அன்றைக்கு விலை பார்ப்பதற்கு முன்பு ஞானதுரையைக் கூப்பிட்டார்.

ஞானதுரை மறுநாளே வந்தார். ஒரு தார் வாழைப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, காரை அடிவாரத்தில் விட்டுவிட்டு, மூச்சு வாங்க ஏறி வந்தார். ஆவுடையப்பனைக் கண்டதும் தாரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். ஆவுடையப்பன் வாங்கி வைத்தார்.

மூன்று பேரும் மண்டபத்தின் கூரையுள்ள பாதியில் உட்கார்ந்தார்கள்.

அசாமுக்குப் போனபோது இருந்த ஞானதுரை இல்லை இவர். உடம்பு வற்றியிருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, கேட்பதற்கு முன்பே பேசத் தொடங்கினார்.

பங்கு கண்ணில் பட்ட பிறகு அவருக்கு நிம்மதி இல்லை. தனக்கு விஷயம் தெரியும் என்று ஊர் நம்பியது. கொஞ்ச நாளில் அவரும் நம்பினார். வேறு கம்பெனிகளில் போட்டார். போட்டதெல்லாம் போனது. அது வெளியே யாருக்கும் தெரியாது. அது போகட்டும். அவருடைய மகன் பிரின்ஸ், சென்னையில் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு பகல் முழுக்கப் பங்கு வாங்கி விற்கிறான். அப்பாவின் ரத்தம் தன் உடம்பில் ஓடுகிறதாம். மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாசரேத்தில் உள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

"நான் ஒண்ணும் செய்யலைடா, மறந்துட்டேன்டான்னு அவன்கிட்ட சொன்னேன் சார். அப்பா அடக்கமாப் பேசுதாருன்னு சிரிக்கான்."

ஆவுடையப்பன் அவரைப் பார்த்தார். இத்தனை வருஷமாகத் தான் பொறாமைப்பட்ட மனிதர் இவரா என்று இருந்தது.

"நீங்க எப்படித் தேர்ந்தெடுத்தீங்கன்னு சொல்லுங்க சார்," என்றார் ஞானதுரை. "உங்களுக்குத்தான் தெரியும். அதைக் கத்துக்கிட்டுப் போய் அவன்கிட்ட சொல்லுதேன். இதுதான் வித்தை, இது எனக்கும் தெரியாது உனக்கும் தெரியாதுன்னு."

ஆவுடையப்பனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மறைக்க முயன்றார். முடியவில்லை. இந்தக் கேள்விக்காகவே அவர் இத்தனை நாள் காத்திருந்ததைப்போல இருந்தது.

ஆரம்பித்தார். ஆண்டறிக்கையில் எந்தப் பக்கத்தை முதலில் படிக்க வேண்டும். கம்பெனிக்குக் கடன் எவ்வளவு. யார் யாருக்குச் சரக்குப் போகிறது. முதலாளியின் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் சம்பளம் வாங்குகிறார்கள். எல்லாவற்றையும் அழகாகச் சொன்னார். ஞானதுரை இமைக்காமல் கேட்டார்.

அம்மா திரி திரித்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு முன்னால?" என்றார்.

"எதுக்கு முன்னால?"

"ஆயிரம் கம்பெனி இருக்கும்லா. அந்தக் கம்பெனி அறிக்கையை வரவழைக்கணும்னு எப்படித் தோணுச்சு?"

  அங்கே இருந்துதான் கதை தொடங்கியது என்று ஆவுடையப்பன் ஒருநாளும் நினைத்ததில்லை.

பிறகு மெதுவாகச் சொன்னார்.

கழுகுமலைக்குப் பங்குனி உத்திரத்துக்குப் போயிருந்தார்கள், அவரும் தம்பியும். அப்படியே சாத்தூரில் ஒரு கல்யாணத்தில் தலையைக் காட்டிவிட்டுத் திரும்பும் வழி. ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையில் ஒரு நிறுத்தம். திருநெல்வேலி பஸ் வந்துகொண்டிருந்தது. நாயகம் சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவியிடம் வெள்ளரிப்பிஞ்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு எதையும் பேசாமல் வாங்கத் தெரியாது. கிழவியின் ஊர், பேரன், மழை எல்லாம் விசாரித்து முடித்து, மடி நிறையப் பிஞ்சுகளோடு திரும்பியபோது பஸ் போய்விட்டது. ஆவுடையப்பன் கையைக் காட்டிக் காட்டிப் பார்த்தார். நிற்கவில்லை.

நல்ல வெயில். ஒரு நிழல் இல்லை. பக்கத்தில் ஏதோ தொழிற்சாலையின் மதில் இருந்தது. மதிலோரம் ஒதுங்கினார்கள். தம்பியைத் திட்டித் தீர்த்தார். கல்யாணமாகியும் பொறுப்பு வரவில்லை என்றார். இன்னும் என்னென்னவோ சொன்னார். நாயகம் பிஞ்சைக் கடித்துக்கொண்டே கேட்டார். அண்ணனுக்கும் ஒன்று நீட்டினார். இவர் வாங்கவில்லை.

ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். நாயகம் அவர்களுக்குப் பிஞ்சு கொடுத்தார். பேச்சு ஆரம்பித்துவிட்டது. உள்ளே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். வால்வு என்றார்கள். வேலை எப்படி என்றார். ஞாயிற்றுக்கிழமைகூட விடமாட்டேன் என்கிறார்கள் அண்ணாச்சி, அவ்வளவு ஆர்டர் என்றார்கள். சம்பளம் தேதி தவறாமல் வருகிறதா என்றார். ஒரு பெண் சிரித்துக்கொண்டே, முதலாளிக்கு அதில் மட்டும் பயம் என்றாள்.

அடுத்த பஸ் வரும்வரை நாயகம் பேசிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அண்ணன் பக்கம் திரும்பினார். "எண்ணே, நீ பங்கு பங்குன்னு படிச்சிட்டே இருக்கியே, இந்தக் கம்பெனியைப் பாரேன்," என்றார்.

இவர் கோபத்தில் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரமே அறிக்கைக்கு எழுதிப் போட்டார்.

 

"அப்ப அதைக் கண்டுபிடிச்சது நாயகமா சார்?" என்றார் ஞானதுரை.

 ஆவுடையப்பன் கல்தரையில் ஒரு இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடி நிறைய வெள்ளரிப்பிஞ்சோடு, வண்டிகளுக்கு நடுவே சாலையைக் கடந்து ஓடி வருகிற தம்பியின் முகம் தெரிந்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு அது வந்திருந்தது. அவர் மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

அம்மா கேட்டார்.

"அந்த பஸ் கிடைச்சிருந்தா?"

"பொழுதோட ஊர் வந்து சேர்ந்திருப்போம்."

"கம்பெனி?"

"இருக்குன்னே தெரிஞ்சிருக்காது."

"பங்கு?"

"வாங்கியிருக்க மாட்டேன்."

"அப்ப, ஆப்பரேஷனுக்கு எதை வித்திருப்பீங்க?"

ஆவுடையப்பன் நிமிர்ந்தார்.

குடியிருந்தது வாடகை வீடு. நகை இல்லை. நிலம் இல்லை. பங்கில் போட்ட பணமும் கையில் இருந்திருந்தால், நகைகளோடு சேர்ந்து டயாலிசிஸிலேயே கரைந்திருக்கும். கடன் கேட்கக்கூடிய இடங்களில் எல்லாம் முன்பே கேட்டாகிவிட்டது. அவரிடம் விற்க வேறு ஒன்றுமே இருந்ததில்லை.

 

"ஆப்பரேஷனுக்குப் பெறகு எவ்வளவு காலம் இருந்தாரு?" என்று கேட்டார் அம்மா.

"ஒரு வருஷம். முழுசாக்கூட இல்ல."

"எங்க இருந்தாரு?"

"எங்க வீட்லதான்."

"எப்படி இருந்துச்சு அண்ணாச்சி, அந்த ஒரு வருஷம்?"

 எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்போல இருந்தார். பிறகு சிரித்தார்.

தம்பிக்குத் தினமும் எவ்வளவு மூத்திரம் போகிறது என்று அளந்து எழுதி வைக்கச் சொல்லியிருந்தார்கள். டயாலிசிஸ் காலத்தில் சொட்டுக்கூடப் போனதில்லை. அதனால் நாயகத்துக்கு அது திருவிழா. சாயங்காலம் இவர் வங்கியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், உள்ளே இருந்து சத்தம் வரும். எண்ணே, இன்னைக்கு எவ்வளவுன்னு சொல்லு பாப்போம். இவர் ஒரு அளவு சொல்வார். அதைவிடக் கூட, என்பார். தெருவுக்கே கேட்கும். சிவகாமி வாயைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடுவார். உமா கைதட்டுவாள். வங்கியில் இவருக்கு இருப்புக் கொள்ளாது. வேலை முடிந்தால் நேரே வீடு. அந்த ஒரு வருஷத்தில் பங்கு விலையைப் பார்த்த ஞாபகமே இல்லை.

ஞானதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு வருஷம்," என்றார் அம்மா.

ஆவுடையப்பன் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"பத்தலைம்மா," என்றார். "பத்தலை."